அளத்துத் தண்ணியில் முட்டை

திண்ணையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். சுற்றிலும் ஏழெட்டுப் பிள்ளைகள். டியூஷன் அக்கா கரண்டியைக் கவிழ்த்து, பாட்டிலின் உள்சுவரோடு ஒட்டிப் பிடித்திருக்கிறாள். உடன்குடிக் கருப்பட்டியில் காய்ச்சிய பாகு அடியில் கிடக்கிறது. அதன்மேல் உப்பளத்திலிருந்து எடுத்த அளத்துத் தண்ணி. இப்போது சொட்டுநீலம் கலந்த குழாய்த் தண்ணி கரண்டி முதுகில் வழிந்து இறங்குகிறது. நீலம் உப்புத்தண்ணியைத் தொடும் இடத்தில் கண்ணாடியில் அனல் பட்டாற்போல ஒரு நெளிவு. கொஞ்ச நேரத்தில் அது அடங்கிக் கோடாகிறது.

“எண்ணெய எங்கல விடணும்?”

“அடியிலக்கா. அதுதான கொழகொழன்னு இருக்கு.”

அக்கா பதில் பேசாமல் சூரியகாந்தி எண்ணெய்ப் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்துச் சாய்க்கிறாள். எண்ணெய் சற்றே முங்கி, முத்துமுத்தாய் மேலேறிக் கூடுகிறது. பையன் முகம் சுருங்குகிறது. கொழகொழப்பு வேறு, கனம் வேறு என்று பெரியவர்களுக்கே சட்டென விளங்காது.

“பாக்கெட்ட வாசிட்டி.”

ஒரு சிறுமி எழுத்துக்கூட்டுகிறாள்: “1 லிட்டர். 910 கிராம்.”

“கடக்காரரு 90 கிராம் ஏமாத்திட்டாருக்கா!”

சிரிப்பு ஓய நேரமாகிறது. ஏமாற்று இல்லை, ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 1,000 கிராம், கடல்நீர் 1,025 கிராம் என்று சொல்லிக்கொண்டே அக்கா முட்டையை எடுக்கிறாள். முதலில் ஒரு செம்புக் கடல்தண்ணீரில் விடுகிறாள். முங்கிவிடுகிறது. மிதக்கும் என்று பந்தயம் கட்டியவர்கள் வாயடைத்துப்போகிறார்கள். அடுத்தது பாட்டில். எண்ணெயைத் துளைத்து, நீலத்தைக் கடந்து, அளத்துத் தண்ணியில் மோதி, அங்கேயே ஆடிக்கொண்டு நிற்கிறது முட்டை.

உப்பளத்தில் மிதந்து கனம் காட்டும் இதே வேலையைக் கண்ணாடி மீட்டர் செய்கிறது. 1768-இல் அந்துவான் போமே என்ற பிரெஞ்சு மருந்தாளுநர் வகுத்த அளவு அதில் இருக்கிறது. கடல்நீர் ஏறக்குறைய 3 டிகிரி காட்டும். 24, 25-ஐத் தொட்டால் பாத்தியில் உப்பு விளையும். அப்போது லிட்டர் 1,200 கிராம்.

இந்தப் பிள்ளைகளுக்குப் பாட்டில் எதற்கு என்றும் தோன்றுகிறது. நாலு எட்டு நடந்தால் தாமிரபரணி கடலில் விழுகிறது. வெள்ளக்காலத்தில் சேறாய்க் கலங்கிய ஆற்றுத்தண்ணீர், அத்தனை கலங்கலோடும் கடல்மேல்தான் படர்ந்து போகும். வெள்ளம் தணிந்தால் உப்புநீர் அடியால் ஆற்றுக்குள் நுழையும்.

அக்காவும் அங்கேதான் வருகிறாள். “ஒங்க வள்ளம் கடல்லருந்து ஆத்துக்குள்ள வந்தா என்னல ஆவும்?”

“கரைக்கு வரும்.”

“கொஞ்சம் இறங்கும்ல. நல்ல தண்ணி கனம் கம்மி, அம்புட்டுத் தாங்காது.” கப்பல்களின் பக்கவாட்டில் நல்ல தண்ணீருக்கென்று தனிக்கோடு போட்டிருப்பது இதற்காகத்தான் என்கிறாள். வள்ளத்தில் அந்த வித்தியாசம் அரை விரல்கூட இராது. அதை அவள் சொல்லவில்லை. “நாளைக்கு சாக்பீஸ்ல கோடு போட்டுப் பாரு.”

பையன் யோசிக்கிறான். “போவும்போது ஐஸ் இருக்கும், வரும்போது மீனு இருக்கும். எப்படிக்கா அளக்க?”

“மீனு படாத அன்னைக்கு அள” என்கிறான் இன்னொருவன்.

“அன்னைக்கும் டீசல் கொறைஞ்சிருக்கும்லா” என்கிறாள் பாக்கெட் வாசித்தவள்.