கெல்லர் வீட்டுப் பெண்

2004ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்து இரவொன்றில் விளையாட்டுப் பக்கத்தின் ஒரு மூலையை நிரப்ப எனக்குச் சிறிய செய்தியொன்று தேவைப்பட்டது. ஏதென்ஸ் ஒலிம்பிக் மகளிர் ஹொக்கி இறுதியாட்டத்தில் ஜேர்மனி 2-1 என நெதர்லாந்தை வென்றிருந்தது. வெற்றி பெற்ற அணியில் நட்டாஷா கெல்லர் என்ற பெயரைக் கண்டதும் மகிழ்ந்தேன். ‘தந்தை, தமையன் வழியில் தங்கம்’ என்று தலைப்பிட்டேன். நல்ல தலைப்பென்று அன்று என்னை நானே மெச்சிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

அந்தக் குடும்பத்தின் கதை அப்படிப்பட்டது. பாட்டனார் எர்வின் கெல்லர் 1936 பேர்லின் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அணியைச் சேர்ந்தவர். தியான் சந்தின் இந்திய அணி 8-1 என ஜேர்மனியைத் துவைத்தெடுத்த ஆண்டு அது. தந்தை கார்ஸ்டன் கெல்லர், 1972இல் மியூனிக்கில் பாகிஸ்தானை 1-0 என வென்று தங்கம் பெற்ற அணியின் தலைவர். தந்தைவழித் தமையன் அன்ட்ரியாஸ் 1984, 1988 ஆகிய ஆண்டுகளில் வெள்ளியும் 1992இல் பார்சிலோனாவில் தங்கமும் வென்றார். பிற்பாடு 2008இல் பெய்ஜிங்கில் சகோதரன் புளோரியனுக்கும் தங்கம் கிடைத்தது. பாருங்கள், இங்கும் ஒரு பந்தி முழுவதும் ஆண்களுக்கே போய்விட்டது.

அன்றைய செய்தியிலும் இதுதான் நடந்தது. அந்தப் பெண் என்ன செய்தார் என்பதற்கு ஒரு வரிதான் மிஞ்சியிருந்தது.

எழுதாமல் விட்டது இது. 1977இல் பேர்லினில் பிறந்த நட்டாஷா 1994இல் தேசிய அணிக்கு வந்தார். முன்கள வீராங்கனை. 1999இல் உலகின் சிறந்த வீராங்கனையாகச் சர்வதேச ஹொக்கிச் சம்மேளனம் அவரைத் தெரிவு செய்தது. ஆனால் ஒலிம்பிக்கில் அவருடைய அணி 1996இல் ஆறாமிடம், 2000இல் ஏழாமிடம். தங்கமும் வெள்ளியும் நிறைந்த வீட்டுக்கு இரண்டு முறை வெறுங்கையுடன் திரும்பிய மகள் அவர். ஏதென்ஸிலும் எவரும் ஜேர்மனியைப் பெரிதாக நம்பவில்லை. குழு ஆட்டங்களில் நெதர்லாந்திடமும் தென்னாபிரிக்காவிடமும் தோற்ற அணி; அரையிறுதியில் சீனாவைப் பெனால்டி அடிகளில்தான் கடந்தது. அந்த நெதர்லாந்தையே இறுதியில் வீழ்த்தியது. இதைத் ‘தந்தை வழி’ என்று எழுத எனக்கு எப்படி மனம் வந்தது?

2012 ஜூலையில் லண்டன் தொடக்க விழாவைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். இலங்கையில் அப்போது நள்ளிரவு கடந்திருந்தது. ஜேர்மனியின் கொடியைப் பிடித்து வந்தவர் நட்டாஷா கெல்லர்! நான்காண்டுகளுக்கு முன் பெய்ஜிங்கில் அதே கொடியை ஏந்தியவர் கூடைப்பந்தாட்டக் கோடீசுவரர் டேர்க் நொவிட்ஸ்கி. ஹொக்கியில் அத்தகைய பணமும் இல்லை, புகழும் இல்லை. ஐந்தாவது ஒலிம்பிக்கிற்கு வந்திருந்த 35 வயதுப் பெண்ணிடம் கொடியைக் கொடுத்தவர்கள் அவருடைய பாட்டனாரை மட்டும் எண்ணிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

லண்டனில் அணிக்கு ஏழாமிடமே கிடைத்தது. அத்துடன் 425 சர்வதேச ஆட்டங்களோடு அவர் விலகினார். அந்த வீட்டின் ஆண்கள் எவரும் நாட்டுக்காக அத்தனை ஆட்டங்கள் ஆடியதில்லை.

பழைய பத்திரிகை நறுக்குகளை நான் ஒரு கோப்பில் ஒட்டி வைத்திருப்பவன். விழா முடிந்து உறங்கப் போகுமுன் அந்தக் கோப்பைத் தேடி எடுத்தேன். 2004இன் அந்த நறுக்கு அதில் இருந்தது. அதில் அவருடைய பெயரை ஒரு ‘ட்’ விட்டு, ‘நடாஷா’ என்று வேறு அச்சிட்டிருந்தேன்.