பீப்பாய்த் தச்சர்களின் பேட்டை

டப்ளினில் லிஃபி ஆற்றுக்குத் தெற்கே, பழைய நகர மதிலுக்கு வெளியே இருக்கிறது லிபர்ட்டீஸ். மதிலுக்குள் செல்லுபடியான நகராட்சிச் சட்டம் ஒரு காலத்தில் இங்கே செல்லாது. மடங்களும் பிரபுக் குடும்பங்களும் தனி அதிகாரம் செலுத்திய நிலம் இது. புகையும் நாற்றமும் கிளப்பும் தொழில்களுக்கு இந்த இடம் தோதாக அமைந்தது. தோல் பதனிடுபவர்கள் வந்தார்கள், நெசவாளர்கள் வந்தார்கள், மதத்தின் பெயரால் துரத்தப்பட்ட பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகளான ஹியூகனோக்கள் தறிகளோடு வந்தார்கள். பீர் காய்ச்சுபவர்களும் விஸ்கி வடிப்பவர்களும் பேட்டையையே பிடித்துக்கொண்டார்கள். இங்குள்ள ஆலைகளையும் ஆலைகளின் எச்சங்களையும் நடந்தே காட்டும் ஒரு குழுவில் சேர்ந்துகொண்டேன். எங்களை அழைத்துப் போன பெண்மணி இதே தெருக்களில் வளர்ந்தவர். அவருடைய தாத்தா கின்னஸ் பீர் ஆலையில் பீப்பாய் செய்தவர். அதனால் அன்றைய நடை முதலாளிகளின் கதையாக மட்டும் நின்றுவிடவில்லை.

நியூமார்க்கெட் சதுக்கத்தில் உள்ள டீலிங் விஸ்கி ஆலையில் தொடங்கினோம். 2015இல் திறந்தது. டப்ளினில் 125 ஆண்டுகளில் முளைத்த முதல் புதிய விஸ்கி ஆலை இதுதான். உள்ளே நுழைந்ததும் ஊறல் வாசனை. கள்ளும் அல்லாத, புளித்த மாவும் அல்லாத, இரண்டுக்கும் நடுவிலான ஒரு வாசனை. அரைத்த பார்லியை வெந்நீரில் ஊறவைக்கிறார்கள். முளைகட்டும்போது தானியத்துக்குள் உருவான நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. இனிப்புச் சாறு இறங்குகிறது; சக்கை மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது. இதுவரை பீருக்கும் விஸ்கிக்கும் வேலை ஒன்றுதான். பீர் செய்பவர் இந்தச் சாற்றை ஹாப்ஸ் பூக்களைப் போட்டுக் கொதிக்க வைக்கிறார். விஸ்கி செய்பவர் அப்படியே ஈஸ்ட் சேர்த்து நுரைக்க விடுகிறார்.

ஐரிஷ் விஸ்கியில் தனிச்சிறப்பான ஒரு வகைக்கு முளைகட்டிய பார்லியோடு முளைகட்டாத பச்சைப் பார்லியையும் சேர்க்கிறார்கள். 1785இல் மால்ட் என்னும் முளைகட்டிய தானியத்துக்கு விதித்த வரியிலிருந்து தப்பிக்கத் தொடங்கிய பழக்கம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். வரி போய்விட்டது; சுவை நிலைத்துவிட்டது. எண்ணெய்ப் பதமும் லேசான காரமும் தருவது பச்சைப் பார்லிதான்; அது இல்லாவிட்டால் இன்று அந்த வகை விஸ்கியாக விற்கவே முடியாது. இரண்டு பார்லியும் தலா 30 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்கிறது விதி.

மூன்று செம்பு வடிகலன்கள் வரிசையாக நின்றன. இத்தாலியில் செய்து கொண்டுவந்தவை. முதலாளி வீட்டுப் பெண் குழந்தைகளின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். எட்டு, ஒன்பது சதவீதச் சாராயமாக உள்ளே போகும் ஊறல், மூன்று முறை வடிந்து எண்பதைத் தாண்டி வெளியே வருகிறது. செம்பு அழகுக்காக அல்ல. ஊறலில் உள்ள கந்தகச் சேர்மங்களைச் செம்பு பிடித்துவைத்துக்கொள்கிறது. எஃகில் வடித்தால் அந்த வாடை அப்படியே தங்கும். வடிவதில் முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கி, நடுவில் வருவதை மட்டும் எடுக்கிறார்கள். எந்த நொடியில் குழாயைத் திருப்புவது என்பதுதான் வேலை. இளைஞர் ஒருவர் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் திருப்புவதற்கு முன் ஒரு குவளையில் பிடித்து மூக்கருகே கொண்டுபோனார். திரையில்தான் எண் தெரிகிறதே என்று கேட்டேன். “எண் சரியாக இருக்கும். மூக்கு சரியென்று சொல்ல வேண்டும்” என்றார்.

அங்கிருந்து ஆர்டீ தெருவுக்குத் திரும்பும் முனையில் வழிகாட்டி எங்களை நிறுத்தினார். 1875 ஜூன் 18 இரவு இங்கே ஒரு விஸ்கிக் கிடங்கு பற்றி எரிந்தது. பீப்பாய்கள் வெடித்து, எரியும் விஸ்கி தெருவில் ஓடியது. தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும் என்று தெரிந்த தீயணைப்புத் தலைவர் ஜேம்ஸ் இங்கிராம், குதிரை லத்தியையும் மண்ணையும் கொட்டி அணை கட்டினார். தீயில் ஒருவரும் சாகவில்லை. ஆனால் பதின்மூன்று பேர் இறந்தார்கள், தெருவில் ஓடியதைத் தொப்பியிலும் காலணியிலும் அள்ளிக் குடித்ததால். இதைச் சொல்லும்போது குழுவில் சிலர் சிரித்தார்கள். வழிகாட்டி சிரிக்கவில்லை. ஒரே அறையில் பத்துப் பேர் குடியிருந்த வறுமையில், ஊருக்கெல்லாம் செய்து அனுப்பிய பொருள் வாசலுக்கே ஓடி வந்தால் என்ன நடக்கும் என்று கேட்டார். நானும் அவர் பக்கம்தான். இந்தத் தொழிலின் திறமையைப் போற்றும்போது அது இந்தப் பேட்டையிலேயே எத்தனை வீடுகளைக் கெடுத்தது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

மீத் தெருக் கடைகளைக் கடந்து தாமஸ் தெருவில் ஏறினால், கலைக் கல்லூரியின் முற்றத்தில் பிரம்மாண்டமான செம்பு வடிகலன்கள் வெயிலும் மழையும் வாங்கிக்கொண்டு நிற்கின்றன. 1791இல் தொடங்கிய பவர்ஸ் ஆலையின் மிச்சம் அவை. ஆலை 1976இல் ஓய்ந்தது. அதோடு டப்ளினில் விஸ்கி வடிப்பதே நின்று போனது. ஓவியம் கற்கும் மாணவர்கள் அந்தக் கலன்களின் மேடையில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள்.

சற்றுத் தள்ளி, இறக்கைகளை இழந்த ஒரு காற்றாலைக் கோபுரம். உச்சியில் புனித பேட்ரிக் உருவம் காற்றின் திசையைக் காட்டுகிறது. ஜார்ஜ் ரோ ஆலையின் கோபுரம் அது. ஆண்டுக்கு ஏறத்தாழ இருபது லட்சம் காலன் விஸ்கி வடித்த அந்த ஆலை, ஒரு காலத்தில் ஐரோப்பாவின் மிகப் பெரிய விஸ்கி ஆலைகளில் ஒன்று. அந்தக் குடும்பத்தின் பணத்தில்தான் 1870களில் கிறிஸ்து சர்ச் பேராலயத்தைப் புதுப்பித்தார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, பக்கத்திலேயே உள்ள புனித பேட்ரிக் பேராலயத்தைக் கின்னஸ் குடும்பம் புதுப்பித்திருந்தது. ஒரு கோயிலுக்கு விஸ்கிப் பணம், இன்னொன்றுக்குப் பீர்ப் பணம்.

இவ்வளவு பெரிய தொழில் எப்படிச் சரிந்தது? காரணங்கள் பல. அமெரிக்காவின் மதுவிலக்கு, அயர்லாந்தின் விடுதலைக்குப் பிறகு பிரிட்டனோடு நடந்த வணிகப் போர், உலகப் போர்கள். ஆனால் என் மனத்தில் தங்கியது வேறு. ஓயாமல் வடித்துக்கொண்டே இருக்கும் கோபுரக் கலனுக்கு 1830இல் காப்புரிமை வாங்கியவர் ஏனியஸ் காஃபி. டப்ளினில் கலால் அதிகாரியாக இருந்தவர். டப்ளின் ஆலைக்காரர்கள் அதை ஏற்கவில்லை. அதில் வருவது விஸ்கியே அல்ல என்று 1870களின் இறுதியில் நான்கு பெரிய ஆலைகள் சேர்ந்து ஒரு நூலே வெளியிட்டன. அந்தக் கலனை ஸ்காட்லாந்துக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், உலகச் சந்தையையும் எடுத்துக்கொண்டார்கள். டப்ளின்காரர்கள் பிடிவாதத்தால் கெட்டார்கள் என்று எழுதுவது எளிது. தங்கள் கலனில் வந்த சுவைதான் உண்மையானது என்று அவர்கள் நம்பினார்கள். காலையில் குவளையை மூக்கருகே கொண்டுபோன அந்த இளைஞரைப் பார்த்த பிறகு, அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

செயின்ட் ஜேம்ஸ் கேட்டில் கருப்பு வாயிற்கதவுகள். ஓடாமல் கிடந்த ஒரு பீர் ஆலையை ஆர்தர் கின்னஸ் 1759இல் 9,000 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார். ஆண்டு வாடகை 45 பவுண்டு. பயணிகளுக்காகத் திறந்திருக்கும் கட்டடம் பழைய நொதிப்பு ஆலை. எஃகுச் சட்டத்தில் கட்டி 1904இல் முடித்தது. பார்லியை 232 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வறுக்கிறார்கள். காப்பிக்கொட்டை வறுபடும் மணம் தெருவரைக்கும் வருகிறது. வறுபட்ட பார்லியின் கருமைதான் பீரின் நிறம். புள்ளியியல் மாணவர்கள் இன்றும் பயன்படுத்தும் டி-சோதனை பிறந்ததும் இந்த ஆலையின் தேவையிலிருந்துதான். பார்லியையும் ஹாப்ஸையும் சிறிய மாதிரிகளை வைத்துச் சோதிக்க வேண்டியிருந்த ஆலை ஊழியர் வில்லியம் கோசெட், 1908இல் ‘மாணவன்’ என்ற புனைபெயரில் அதை வெளியிட்டார்.

வழிகாட்டி இங்கே குரலை மாற்றவில்லை, நடையை மட்டும் குறைத்தார். பீப்பாய்ப் பிரிவின் பழைய ஒளிப்படங்களுக்கு முன்னால் நின்றோம். முற்றத்தில் வெறும் பீப்பாய்கள் மலையாகக் குவிந்திருக்கின்றன. உச்சியில் ஒரு மனிதர் நிற்கிறார்.

பீப்பாய் செய்வதற்கு வரைபடம் கிடையாது. ஓக் பலகையை முதலில் நாள் கணக்கில் அல்ல, ஆண்டுக் கணக்கில் காய வைக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு பலகையும் நடுவில் அகன்று, இரு முனையிலும் ஒடுங்கி, வெளிப்புறம் புடைத்து, உட்புறம் குழிந்து இருக்கும்படி செதுக்க வேண்டும். விளிம்பைத் தரையில் சாய்த்து நிறுத்திய நீண்ட இழைப்புளியின் மேல் தள்ளி இழைக்கிறார்கள். இழைப்புளி அசைவதில்லை, மரம்தான் அசைகிறது. அந்த விளிம்பின் சாய்வு வட்டத்தின் மையத்தை நோக்கி இருக்க வேண்டும். அளவுகோல் இல்லை, கண்தான். பலகைகளை ஒரு வளையத்துக்குள் நிறுத்தி, ஆவியிலும் தணலிலும் சூடாக்கி, வளைந்துகொடுக்கும் பதத்தில் அடுத்த வளையத்தை அடித்து இறக்குகிறார்கள். முனைகளை வாய்ச்சியால் செதுக்கி, உட்புறம் ஒரு பள்ளம் வெட்டி, அதில் மூடியைப் பொருத்துகிறார்கள். மூடிப் பலகைகளுக்கு நடுவே காய்ந்த கோரைத் தாள். பசை இல்லை, ஆணி இல்லை. அழுத்தத்தோடு இருக்கும் பீர் ஒரு சொட்டுக் கசியக் கூடாது.

இதைக் கற்கப் பல ஆண்டுகள். தொழில் அப்பாவிடமிருந்து மகனுக்குத்தான் போகும்; வெளியாள் நுழைவது அரிது. பயிற்சி முடிந்த நாளில் பையனை அவன் செய்த பீப்பாய்க்குள்ளேயே உட்காரவைத்து, கரியும் சீவலும் பீரும் கொட்டி உருட்டுவார்கள். அதிலிருந்து எழுந்து வந்தால் அவன் தச்சன். “தாத்தா அதைச் சொல்லும்போதெல்லாம் பாட்டி அந்தச் சட்டையைத் துவைத்த கதையைச் சொல்வார்” என்றார் வழிகாட்டி.

திரும்பி வரும் பீப்பாய்களைக் கழுவிய பிறகு முகர்ந்து பார்ப்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். துளையில் மூக்கை வைத்து, புளிப்பு வாடை இருந்தால் ஒதுக்கிவிடுவார்கள். ஒரு மனிதரின் மூக்கை நம்பி அடுத்த சந்தைக்குப் பீர் போனது.

கின்னஸ் வேலை என்றால் பேட்டையில் பெண் கொடுப்பார்கள் என்பது பழைய பேச்சு. நல்ல கூலி, ஓய்வூதியம், தினப்படி பீர், ஆலைக்கென்றே மருத்துவர். அந்த மருத்துவர்களில் ஒருவரான ஜான் லம்ஸ்டன் 1900இல் தொழிலாளர்களின் வீடுகளுக்கு நேரில் போய், இருட்டறைகளையும் காசநோயையும் பார்த்து நிர்வாகத்துக்கு அறிக்கை எழுதினார். இதைப் பாராட்டத்தான் வேண்டும். அதே ஆலையின் உயர் பதவிகள் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை கத்தோலிக்கர்களுக்கு எட்டாமலே இருந்தன என்பதையும் வழிகாட்டி மறைக்கவில்லை.

பிறகு உலோகம் வந்தது. பீருக்கு மரத்தின் சுவை வேண்டாம். கசியாத, கெடாத பாத்திரம்தான் வேண்டும். அதை உலோகம் மலிவாகக் கொடுத்தது. போதாததற்கு, ஆலையில் பணியாற்றிய கணிதவியலாளர் மைக்கேல் ஆஷ் 1959இல் நைட்ரஜனைக் கொண்டு நுரையை மென்மையாக்கும் முறையைக் கண்டார். அதற்கு உலோகக் கலன்தான் ஏற்றது. 1960களில் மரப் பீப்பாய் ஆலையை விட்டுப் போனது. அப்பாவிடம் கற்ற மகன்கள் வேறு பிரிவுகளுக்கு மாறினார்கள், அல்லது கருவிகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

விஸ்கிக்கோ மரம் இல்லாமல் முடியாது. அயர்லாந்துத் தீவுக்குள் மரப் பீப்பாயில் மூன்றாண்டாவது இருந்தால்தான் அது ஐரிஷ் விஸ்கி. நிறமும் சுவையின் பெரும்பகுதியும் மரம் கொடுப்பது. ஆண்டுதோறும் ஏறத்தாழ இரண்டு சதவீதம் காற்றோடு போவதையும் பொறுத்துக்கொள்கிறார்கள். ஆனால் இன்று அந்தப் பீப்பாய்களில் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்து வருகின்றன. போர்பன் விஸ்கிக்குப் புதிதாகக் கருக்கிய ஓக் கலன்தான் வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். ஒரு முறை பயன்படுத்தியதை அவர்கள் விற்றுவிடுகிறார்கள். டப்ளினில் விஸ்கி திரும்பி வந்துவிட்டது. கின்னஸின் பழைய மின் நிலையத்துக்குள்ளேயே 2019இல் ரோ அண்ட் கோ என்ற பெயரில் ஒரு புதிய விஸ்கி ஆலை திறந்தது. ஆனால் பீப்பாய்த் தச்சு பழைய அளவில் திரும்பவில்லை. வடிகலனை விலைக்கு வாங்கிவிடலாம். கண்ணளவில் சாய்வு இழைக்கும் கையை வாங்க முடியாது, தலைமுறை விட்டுப் போனால் போனதுதான். சுற்றுலா அரங்குகளில் ஆர்தர் கின்னஸின் கையெழுத்துக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியாவது இந்தக் கைகளுக்குக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது.

கடைசி நிறுத்தம் ஜேம்ஸ் தெருவில் உள்ள பழைய செயின்ட் ஜேம்ஸ் தேவாலயம். 2017இல் தொழிலதிபர் பியர்ஸ் லயன்ஸ் அதை விஸ்கி ஆலையாக மாற்றினார். பலிபீடம் இருந்த இடத்தில் செம்பு வடிகலன்கள். அவருடைய குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகப் பீப்பாய்த் தச்சர்கள் இருந்தார்கள். அவருடைய தாத்தா அடக்கமாகியிருப்பதும் இதே வளாகத்துக் கல்லறைத் தோட்டத்தில்தான். புதிதாக வைத்த வண்ணக் கண்ணாடிச் சன்னல்களில் ஒன்று பீப்பாய்த் தச்சைக் காட்டுகிறது. வழிகாட்டி அதற்குக் கீழே நின்று, குழுவில் இருந்த ஒரு சிறுவனுக்குக் கையால் இழைத்துக் காட்டினார். மரத்தை எப்படித் தள்ள வேண்டும், எந்தக் கால் முன்னால் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பீப்பாய்த் தச்சர் ஒருவர் வேலை செய்வதை இன்று எங்கே பார்க்கலாம் என்று அவரிடம் கேட்டேன். “கார்க் பக்கம் மிடில்டன் ஆலையில் இன்னும் இருக்கிறார்கள். பழுது பார்ப்பதுதான் பெரும்பாலும். ஆனாலும் போய்ப் பாருங்கள், அந்தச் சத்தத்தைக் கேளுங்கள்” என்றார். அங்கிருந்து இறக்கத்தில் கொஞ்சம் நடந்தால் ஹியூஸ்டன் ரயில் நிலையம். கார்க் வண்டிக்குச் சீட்டு வாங்கிக்கொண்டேன். அங்கே இறங்கி மிடில்டனுக்கு வேறு வண்டி மாற வேண்டும்.