க்ளென் ஷீலின் ஏழுமலை

ஸ்காட்லாந்தில் மலை ஏறுபவர்கள் முந்தின நாள் சாயங்காலமே பார்த்துவிடும் வானிலை அறிக்கை ஒன்று உண்டு. காற்று உங்களை எவ்வளவு தள்ளும், எவ்வளவு நனைவீர்கள், உச்சிகள் மேகம் இல்லாமல் இருக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று கேள்வி பதிலாகவே போட்டிருப்பார்கள். நாங்கள் கிளம்ப இருந்த அந்த ஜூன் மாத நாளில் கடைசிக் கேள்விக்கான பதில் 40.

“முப்பத்தஞ்சு எடுத்தாலே பாஸ்தானே அண்ணே, கிளம்புவோம்” என்றான் தம்பி.

தம்பி திருநெல்வேலிக்காரன். இன்வெர்னெஸ் மருத்துவமனை ஒன்றில் வேலை. அந்த ஊருக்குப் போன எல்லாரையும் பிடித்துக்கொள்ளும் கிறுக்கு அவனையும் பிடித்திருந்தது: மன்றோக் கிறுக்கு. 3,000 அடிக்கு, அதாவது 914.4 மீட்டருக்கு மேல் உயர்ந்த மலைகளைப் பட்டியல் போட்டு 1891-ல் வெளியிட்டவர் சர் ஹியூ மன்றோ. பட்டியலில் உள்ள மலைகளுக்கே மன்றோ என்று பெயர் வந்துவிட்டது. இன்றைய கணக்கில் 282. அவற்றையெல்லாம் ஏறி முடிப்பதை வாழ்நாள் வேலையாக வைத்திருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கணக்கு ரொம்பக் கறார். ஒரு மலையை மறுபடி அளந்தபோது 913.96 மீட்டர்தான் என்று தெரியவந்தது. அரை மீட்டர்கூட இல்லாத அந்தக் குறைக்காக 2012-ல் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

தம்பி எனக்குக் காட்ட விரும்பியது க்ளென் ஷீல் பள்ளத்தாக்கின் தென்வரிசை. மேற்குக் கடலோரத்துக்குப் பக்கத்தில், ஸ்கை தீவுக்குப் போகும் நெடுஞ்சாலைக்குத் தெற்கே, ஒரே முகட்டில் ஏழு மன்றோக்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒருமுறை மேலே ஏறிவிட்டால் அதிகம் கீழே இறங்காமல் உச்சி உச்சியாகப் போய்க்கொண்டே இருக்கலாம். ஒரே நாளில் ஏழு கிடைக்கும் இடம் ஸ்காட்லாந்தில் அபூர்வம். சுமார் 27 கிலோமீட்டர் நடை. மலைநடைக்கு நேரம் கணக்கிட வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன விதி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அப்படிப் பார்த்தால் உட்காராமல் நடந்தாலே எட்டு மணி நேரத்தைத் தாண்டுகிறது. நெய்ஸ்மித் விதியில் மழைக்கு இடமில்லை. புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கவும் இடமில்லை.

இறங்கும் இடத்தில் காரை விட்டோம். தம்பியோடு வேலை பார்க்கும் ஒருவர் எங்களைக் க்ளூனி விடுதி வாசலில் இறக்கிவிட்டுப் போனார். மணி ஏழு. அங்கிருந்து தெற்கே ஒரு பழைய தார்ச்சாலை கிளம்புகிறது. ஒரு காலத்தில் டோம்டவுன் என்ற ஊருக்குப் போன சாலை. 1950-களில் நீர்மின் திட்டத்துக்காக லோய்ன் ஏரிக்கு அணை கட்டியபோது அதன் ஒரு பகுதி தண்ணீருக்குள் போயிற்று. வண்டி ஓடாத அந்தச் சாலையில் புல் முளைத்துக் கிடந்தது. எங்கேயும் கேட் இல்லை, செக்போஸ்ட் இல்லை. நிலம் தனியார் எஸ்டேட்டாக இருந்தாலும் பொறுப்போடு நடந்துபோகும் எவரையும் தடுக்கக் கூடாது என்று 2003-ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் சட்டமே போட்டிருக்கிறது. வனத்துறை அனுமதிச்சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே மலையேறிப் பழகிய எனக்கு, கேட்பார் இல்லாமல் நடப்பதே கொஞ்ச நேரம் கூச்சமாக இருந்தது.

சாலையை விட்டு மலைமேல் திரும்பும் பாதையும் பழையதுதான். மான் வேட்டைக்கு வந்த சீமான்களுக்காக, சுட்ட மானைக் குதிரை சுமந்து இறங்கும் அளவுக்குச் சாய்வு பார்த்து வெட்டியது. வளைந்து வளைந்து, மூச்சு முட்டாமல் மேலே கொண்டுபோயிற்று. முதல் சிகரம் க்ரேக் அ வைம், 947 மீட்டர். உச்சியில் கல் குவியல் இருந்தது. அதைத் தவிர வேறொன்றும் இல்லை, ஏனென்றால் நாங்கள் மேகத்துக்குள் இருந்தோம். தம்பி கல்லைத் தொட்டுவிட்டு, “ஒண்ணு” என்றான்.

இரண்டாவது சிகரத்துக்குப் போகும் வழியில் முகடு சற்று தூரம் குறுகுகிறது. இரண்டு பக்கமும் சரிவு. கயிறு கட்டும் இடமில்லை, ஆனால் கையை ஜேப்பில் போட்டுக்கொண்டு நடக்கும் இடமும் இல்லை. காற்று தெற்கிலிருந்து வந்தது. வடபக்கச் சரிவுகளிலிருந்து எழும்பிய மேகம் முகட்டைத் தொட்டதும் காற்றில் அறுபட்டு வந்த வழியே சுருண்டது. ஆகவே எங்கள் வலப்பக்கம் வெள்ளைச் சுவர், இடப்பக்கம் வெயில் விழுந்த பள்ளத்தாக்கு. ஒரு மலையின் முதுகெலும்பில் நிற்கிறோம் என்பதை வெயில் நாளில் இவ்வளவு தெளிவாக உணர்ந்திருப்பேனா என்று தெரியவில்லை.

மூன்றாவதான ஊனக் அர் க்ரீதான் வரிசையில் உயரமானது, 1,021 மீட்டர். அங்கேதான் வாங்கிக் கட்டிக்கொண்டோம். மேற்கே இருட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்தோம். தம்பி “மழைக்கோட்டு” என்று சொல்லி முடிப்பதற்குள் ஆலங்கட்டி. முறத்தில் அரிசி புடைக்கிற சத்தத்தோடு கோட்டுத் தொப்பியின் மேல் கொட்டியது. பத்தே நிமிடம். பாறையெல்லாம் வெள்ளையாகி, பிறகு வழுக்கலாகியது. ஜூன் மாதம்!

இதற்குக் காரணம் எளிது. இந்த முகட்டின் மேற்குக் கோடியிலிருந்து சில கிலோமீட்டரில் கடல் உள்வாய் இருக்கிறது, அதற்கப்பால் அட்லாண்டிக். ஈரக்காற்று தட்டையான கடலைத் தாண்டி வந்து முதன்முதலில் முட்டுவது இந்த மலைகளில்தான். முட்டியதும் மேலே ஏற வேண்டும், ஏறினால் குளிர வேண்டும், குளிர்ந்தால் சுமையை இறக்க வேண்டும். இந்த மேற்கு மலைகளில் பல இடங்களில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. அதே நாட்டின் கிழக்குக் கரையில் பெரும்பகுதிக்கு 800 கூட வருவதில்லை. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பது பள்ளிப் பாடம். அந்தப் பாடத்தில் காற்றைச் சேர்க்கவில்லை. ஈர விரலும் காற்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் காம்பஸைப் பிடித்திருந்த என் கை சொன்னது.

நான்காவது, ஐந்தாவது சிகரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நான்காவதில் வெயில். ஈரக்கோட்டைக் கழற்றிப் பாறைமேல் காயப்போட்டு, புளியோதரையைத் தின்றோம். பாறைப்பறவை ஒன்று பத்தடியில் உட்கார்ந்திருந்தது. டார்மிகன். குளிர்காலத்தில் பனியோடு பனியாக வெண்மை, கோடையில் பாசி படிந்த கல்லின் நிறம். அது கண்ணைச் சிமிட்டியிராவிட்டால் கல் என்றே நினைத்திருப்போம். ஐந்தாவதில் மறுபடி மேகம், தூறல், வரைபடம், காம்பஸ். பேச்சே இல்லை.

ஆறாவது ஸ்கூர் அன் லோக்கன். இந்த ஏழில் சிகரம் என்ற சொல்லுக்குப் பொருத்தமான உருவம் இதற்குத்தான், கூம்பாக நிமிர்ந்து நிற்கிறது. நாங்கள் ஏறி முடித்தபோது மணி ஆறு இருக்கும். மேற்கே மேகம் கிழிந்து சூரியன் வந்தது. நாங்கள் வந்த பக்கத்தில், காலுக்குக் கீழே, மூடுபனி அப்படியே தேங்கிக் கிடந்தது. திரும்பிப் பார்த்தேன். பனியின்மேல் இரண்டு நீண்ட நிழல்கள். ஒன்றின் தலையைச் சுற்றி வண்ண வளையம்: வெளியே சிவப்பு, உள்ளே நீலம்.

“அண்ணே, என் தலையச் சுத்தி வட்டம் பாத்தீங்களா!”

“உன் தலையில ஒண்ணும் இல்லையேப்பா. என் தலையைச் சுத்தித்தான் இருக்கு.”

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க, சின்னச்சின்ன நீர்த்துளிகள் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்புவதால் உண்டாகும் வளையம் இது. அவரவர் கண்ணை மையமாக வைத்தே விழும். ஆகவே பக்கத்தில் நிற்பவரின் தலைக்கு ஒளிவட்டம் இருப்பது நமக்குத் தெரியவே தெரியாது.

இதே காட்சியை 1894 செப்டம்பரில் பார்த்துச் சொக்கிப்போனவர் சி. டி. ஆர். வில்சன். இங்கிருந்து தெற்கே இருக்கும், பிரிட்டனிலேயே உயரமான பென் நெவிஸ் உச்சியில் 1883 முதல் 1904 வரை ஒரு வானிலை ஆய்வகம் இயங்கியது. மணிக்கு ஒருமுறை, இரவும் பகலும், பனியிலும் புயலிலும் அளவெடுத்தார்கள். இளைஞரான வில்சன் இரண்டு வாரம் அங்கே தங்கப் போனார். வளையங்களைக் கண்டார். கீழே வந்ததும் அந்த மேகத்தைக் கண்ணாடிக்குடுவைக்குள் செய்து பார்க்க ஆசைப்பட்டார். ஆசை வேறெங்கோ கொண்டுபோய் விட்டது. அணுத்துகள் கடந்துபோகும் வழியில் துளிகள் கோர்த்துக்கொண்டு தடம் காட்டும் முகில்கூடம் உருவாயிற்று. 1927-ல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு. அன்று வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்திருந்தால், அவர் பென் நெவிஸில் நல்ல காட்சி பார்த்துவிட்டு இறங்கியிருப்பார்.

ஏழாவதான க்ரேக் நன் டாவுக்கு முன் முகடு ஆழமாக இறங்குகிறது. களைத்த காலுக்கு அந்த ஏற்றம் கொடுமை. 918 மீட்டர், மூன்று நான்கு மீட்டர் வித்தியாசத்தில் பட்டியலில் இடம் பிடித்த மலை. அங்கே நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் திறந்திருந்தது. மேற்கே ஸ்கை தீவின் கறுத்த பல்வரிசை. எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், ஸ்பானியர்களின் பெயர் தாங்கிய ஸ்கூர் நன் ஸ்பான்ட்யக். அரியணை இழந்த ஸ்டூவர்ட் வம்சத்துக்காக 1719-ல் ஸ்பெயின் ஒரு பெரும் கடற்படையை அனுப்பியது. ஃபினிஸ்டர் முனைக்கு அப்பால் புயல் அதைச் சிதறடித்தது. தப்பி வந்து சேர்ந்த இரண்டு கப்பல்களில் இருந்த சுமார் 300 ஸ்பானிய வீரர்களும், அவர்களோடு சேர்ந்த மலைநாட்டுக்காரர்களும் ஜூன் 10 அன்று இந்தப் பள்ளத்தாக்கில் அரசுப் படையிடம் தோற்றார்கள். ஸ்பானியர்கள் அந்தச் சரிவில் பின்வாங்கி மேலேறி, மறுநாள் சரணடைந்தார்கள். வெயில் நாட்டிலிருந்து வந்து, ஒரு புயலால் கைவிடப்பட்டு, இந்த மலையில் ஓர் இரவைக் கழித்தவர்கள். அவர்கள் பார்த்த வானிலை எதுவோ.

சாலைக்கு வந்தபோது மணி ஒன்பதரை. வெளிச்சம் இன்னும் போகவில்லை. காற்று நின்றதும் மிட்ஜ் எனும் பொடிக்கொசுக்கள் மொய்த்தன. காருக்குள் பாய்ந்து கதவைச் சாத்திய பிறகுதான் தம்பி செல்போனை எடுத்து ஏழு மலைகளுக்கும் டிக் போட்டான்.

“மொதலாவதையும் அஞ்சாவதையும் நாம பாக்கவே இல்லையே தம்பி?”

“தொட்டாப் போதும்ணே. பாக்கணும்னு மன்றோ எழுதல.”

பட்டியல்படி அவன் சொன்னது சரி. ஆனால் பட்டியலையும் மழை விட்டுவைக்கவில்லை. எல்லா மன்றோக்களையும் முதலில் முடித்தவர் என்று பெயர் பெற்றவர் ஏ. ஈ. ராபர்ட்சன் என்ற பாதிரியார், 1901-ல். பிற்பாடு அவர் குறிப்பேட்டைப் புரட்டியவர்கள், பென் விவிஸ் மலையில் உச்சிக்குச் சற்றுக் கீழே கனமழை பிடித்துக்கொள்ள, நனைய மனமில்லாமல் அவர் திரும்பிவிட்டதைக் கண்டார்கள். மறுபடி போனதாகக் குறிப்பில்லை. நூறாண்டுப் புகழில் ஒரு மழை ஓட்டை போட்டுவிட்டது. மன்றோவோ பட்டியலை முடிக்காமலேயே 1919-ல் காலமானார். இந்த நாட்டில் உயரத்தை அளந்து எழுதிவிடலாம். மலையை எந்த அளவுக்குக் காட்டுவது என்பதை வானம்தான் தீர்மானிக்கிறது. அது காட்டாமல் மறைத்த இரண்டு உச்சிகளும், காட்டிய ஐந்துக்குக் குறையாமல் என் நினைவில் இருக்கின்றன.

“அடுத்த தடவை எதிர்ப்பக்கம், ஸ்பானியர் மலை” என்றான் தம்பி, வண்டியைக் கிளப்பிக்கொண்டே.

“எப்போ?”

“மழை விட்டதும்.”

“விடலைன்னா?”

“விடலைன்னாலும்தான்.”