உள்ளேன் ஐயா

வகுப்பறைக்குள் நுழையும் ஆசிரியர் முதலில் கையில் எடுப்பது பாடநூலையன்று, வருகைப் பதிவேட்டைத்தான். பெயர் அழைக்கப்படுகிறது. ‘உள்ளேன் ஐயா’ என்னும் குரல் எழுகிறது. ஏட்டில் ஒரு கோடு விழுகிறது. எளிய செயல்தான், ஆயினும் அன்றைய கல்வி முழுவதும் அதிலிருந்தே தொடங்குகிறது. மனிதர்க்கு மட்டுமா இந்த முறை? ஒரே கூரையின்கீழ்க் கம்பியால் பிணைக்கப்பட்ட கணினிகளும் இவ்வாறே அழைக்கப்படுகின்றன; இவ்வாறே விடையளிக்கின்றன.

மலேசியத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் கணினிக் கூடத்திற்குப் பொறுப்பேற்ற ஆசிரியர் ஒருவர் இந்த ஒற்றுமையை நாள்தோறும் கண்டவர். இலக்கணம் கற்பிப்பதே அவர் பணி. கூடத்தின் சாவி வேறு எவர் கையிலும் நிலைக்காமையால் அவர் கைக்கு வந்து சேர்ந்தது. இருபது கணினிகள், மாணவர் எழுதுவதையெல்லாம் சேமித்து வைக்கும் வழங்கிக் கணினி ஒன்று. காலை மணி ஒலிக்குமுன் அவர் தம் மேசையில் அமர்ந்து, ஒவ்வொரு கணினியையும் அதன் முகவரி எண்ணால் அழைப்பார். அழைக்க உதவும் நிரலின் பெயர் ‘பிங்’.

அந்நிரலுக்கு ஒரு வரலாறு உண்டு. ஒரு கணினி மற்றொன்றை நோக்கி ‘எதிரொலி தருக’ என வேண்டவும், மற்றது அதனைத் திருப்பி அனுப்பவும் வகை செய்யும் விதிகளை 1981 செப்டம்பரில் ஜான் போஸ்டல் எழுதி வெளியிட்டார். 1983 டிசம்பரில், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்து அபர்தீனில் இராணுவ ஆய்வகத்தில் பணியாற்றிய மைக் மூஸ், வலைப்பின்னலில் தோன்றிய விளங்காத கோளாறு ஒன்றைத் துருவியறிய விரும்பினார். ஒரே மாலைப் பொழுதில், ஏறத்தாழ ஆயிரம் வரிகளில் இந்நிரலை எழுதி முடித்தார். நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியக் கடலுக்குள் ஒலியைச் செலுத்தி, அது மோதித் திரும்புவதைக் கேட்பார்கள் அல்லவா? அந்த ஒலியையே பெயராக வைத்தார். 2000 நவம்பரில் சாலை விபத்தொன்றில் மூஸ் மறைந்தார். அவர் ஒரு மாலையில் எழுதியதோ இன்றும் உலகெங்கும் அழைத்துக்கொண்டிருக்கிறது.

மூஸ் விரும்பிச் சொன்ன நிகழ்ச்சி ஒன்றுண்டு. வலைப்பின்னல் ஒன்றில் இணைப்பு அவ்வப்போது அறுந்து அறுந்து சேர்ந்தது. எந்த முனையில் பழுது என்று தெரியவில்லை. அதன் பொறுப்பாளர், ஒவ்வொரு விடை வரும்போதும் ‘பிங்’ எனக் கணினி உரக்கக் கூவுமாறு செய்து, அந்த ஒலியை ஒலிபெருக்கியில் இணைத்தார். பின்னர்க் கட்டடமெங்கும் நடந்து, கம்பி முனைகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். ஓரிடத்தில் அசைத்தபோது கூவல் நின்றது. பழுது அகப்பட்டது! கண் காணாததைக் காது கண்டுபிடித்தது.

நம் ஆசிரியருக்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை, ஒழுங்கு தேவைப்பட்டது. முதலில் 127.0.0.1 என்னும் எண்ணை அழைப்பார். அது தன்னைத்தானே அழைத்துக்கொள்வது. அடுத்து அருகிலுள்ள கணினி, பின்னர் வழங்கி, இறுதியாக வெளியுலகுக்கு வாயிலாக நிற்கும் ரவுட்டர். எந்தப் படியில் விடை நிற்கிறதோ அங்கேதான் பழுதைத் தேட வேண்டும். தன்னைச் சோதிக்காமல் பிறரைக் குறை கூறலாகாது என்பதைக் கணினியும் கற்பித்தது!

ஒருநாள் ஏழாம் மேசையிலிருந்த கணினி விடை தரவில்லை. நான்கு முறை அழைத்தார். நான்கு முறையும் ‘நேரம் கடந்தது’ என்றே திரையில் தோன்றியது. ‘பழுது’ என ஏட்டில் எழுதிவிட்டு நிமிர்ந்தார். அந்த மேசையில் மாணவன் ஒருவன் ஆர்வத்தோடு தட்டச்சு செய்துகொண்டிருந்தான்!

அவர் திகைத்தார், பிறகு ஆராய்ந்தார். பாதுகாப்பிற்காக அமைக்கப்படும் தீயரண், வெளியிலிருந்து வரும் அழைப்பைத் தடுத்துவிடுவதுண்டு. விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்திற்கு 2004-இல் வந்த இரண்டாம் திருத்தத் தொகுப்பு முதல் அத்தகைய தடை இயல்பாகவே இடப்பட்டு வந்தது. ஆனால் ஒரே வலைப்பின்னலுக்குள் மற்றொரு வழி இருந்தது. அழைப்பை அனுப்புமுன் கணினி, ‘இந்த எண்ணுக்குரியவர் யார்?’ என அனைவரையும் கேட்கும். உரியது தன் வன்பொருள் முகவரியைச் சொல்லும்; அது ஒரு பட்டியலில் பதியும். அப்பட்டியலைத் திறந்தார். ஏழாம் கணினியின் முகவரி அங்கே இருந்தது. அது இறக்கவில்லை, பேசவில்லை, அவ்வளவுதான். ஏட்டில் எழுதியதை அவர் அடித்தார். வகுப்பில் பெயர் அழைத்தும் வாய் திறவாத பிள்ளைகள் சிலர் அவர் நினைவுக்கு வந்தனர்.

மௌனம் தந்த பாடம் அது. விடை தந்த பாடமோ அதனினும் கடுமையானது.

சில மாதங்கள் கழித்து, கட்டுரைப் போட்டிக்காக மாணவர் இருபதின்மர் கூடத்தில் எழுதிக்கொண்டிருந்தனர். ஒரு மணி நேரம் கழிந்தது. “ஐயா, சேமிக்க முடியவில்லை” என்று ஒரு மாணவி எழுந்தாள். தொடர்ந்து மேலும் சிலர் எழுந்தனர். அவர் வழங்கியை அழைத்தார். உடனே விடை வந்தது. ஒரு மில்லிநொடியும் ஆகவில்லை. “வழங்கி நலமாக இருக்கிறது. உங்கள் கணினியில்தான் கோளாறு. அணைத்துவிட்டு மீண்டும் திறவுங்கள்” என்றார் உறுதியாக.

ஆசிரியர் சொல்லை மாணவர் மீறுவரோ? அணைத்தனர். திரைகள் இருண்டன. மீண்டும் ஒளிர்ந்தபோது எழுதியவற்றுள் ஒரு வரியும் இல்லை.

பிங் அழைப்பிற்கு விடை தருவது இயங்குதளத்தின் அடிப்பகுதி. கோப்புகளை ஏற்றுச் சேமிக்கும் நிரல் வேறு. அந்நிரல் செயலிழந்து கிடந்தாலும், ‘உள்ளேன்’ என்னும் விடைமட்டும் தவறாமல் வரும். வந்த விடை பொய்யன்று. கேட்ட கேள்விக்கு உரிய விடையே அது. ‘இருக்கிறாயா?’ என்று கேட்டவர், ‘நலமா?’ என்று கேட்டதாக எண்ணிக்கொண்டார். பிழை கணினியினுடையதன்று.

முதலில் எழுந்த மாணவி, தோட்டத்தில் பால் மரம் சீவி வாழ்ந்த தன் பாட்டியைப் பற்றி எழுதியிருந்தாள். “பரவாயில்லை ஐயா” என்றாள். குரல் மட்டும் நடுங்கியது. அவர் மாணவர் அனைவர் முன்னிலையிலும், “தவறு என்னுடையது” என்றார். மறுநாள் மாலை அவர்களுக்காகக் கூடத்தை மீண்டும் திறந்தார். அவள் மறுபடியும் எழுதினாள். முன்னதுபோல் அமையவில்லை என்று அவளே சொன்னாள்.

அன்று முதல் அவருடைய காலைப் பணியில் ஒரு படி கூடியது. அனைத்துக் கணினிகளையும் அழைத்த பிறகு, வழங்கியில் ஒரு வரி எழுதிச் சேமிப்பார், மூடுவார், மீண்டும் திறந்து, எழுதிய வரி இருக்கிறதா எனப் படித்துப் பார்ப்பார். அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்தின் விலை இருபது கட்டுரைகள்.

கூடத்தைப் பூட்டிவிட்டு வகுப்பறைக்குச் சென்று வருகைப் பதிவேட்டைத் திறப்பார். பெயர்களை அழைப்பார். அந்த மாணவியின் முறையும் வரும். “உள்ளேன் ஐயா” என்பாள். முன்பெல்லாம் ஏட்டிலிருந்து கண்ணெடுக்காமல் கோடிடுவது அவர் வழக்கம். இப்பொழுது குரல் கேட்டவுடன் கோடிடுவதில்லை. தலை நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் இடுகிறார்.