தோற்றவர் பெயர் தாங்கிய நகர்வு

சதுரங்கத்தில் யாம் வல்லுநர் அல்லேம். விடுதியில் இரவுப் படிப்பு முடிந்தபின் மாணவர் சிலரை அருகிருத்திப் பழைய ஆட்டங்களை நூலிற் கண்டவாறே பலகையில் வைத்துப் பார்ப்பது எமது வழக்கம். அவ்வாறு பன்முறை வைத்துப் பார்த்த ஆட்டம் ஒன்றுண்டு.

1918 ஆம் ஆண்டு ஒக்டோபரில் நியூயோர்க் நகரப் போட்டியொன்றிலே கியூபா நாட்டுக் கப்பபிளாங்காவும் அமெரிக்கரான பிராங் மார்ஷலும் எதிரெதிர் அமர்ந்தனர். 1909 இல் இவ்விருவரும் ஆடிய தொடரிலே கப்பபிளாங்கா எட்டு ஆட்டங்களை வென்றார். மார்ஷல் வென்றது ஒன்றே. இம்முறை ஆட்டம் ஸ்பானியத் தொடக்கத்தில் அமைந்தது. எட்டாவது நகர்விலே மார்ஷல், அரசியின் முன்னின்ற காலாளை இரு கட்டம் செலுத்தி, நடுவில் நின்ற வேறொரு காலாளைப் பலியிட முன்வந்தார். பல்லாண்டு ஒளித்து வைத்த படைக்கலம் இது என்பர். 1917 இலேயே வேறோர் ஆட்டத்தில் அவர் இதனைக் கையாண்டமையால், அக்கதையை யாம் முற்றும் நம்புவதில்லை.

வலை விரிந்திருப்பதைக் கப்பபிளாங்கா உணர்ந்தார். எனினும் அறைகூவலை ஏற்பதே தமக்கு அழகென்று காலாளை வெட்டினார். கறுப்பின் அரசியும் குதிரையும் வெள்ளை அரசனை நெருங்கின. பதினைந்தாம் நகர்வில் அக்குதிரை அரசனருகே நின்ற காலாளை வெட்டித் தன்னையே பலியாக நீட்டியது. அரசியால் அதனை வெட்டியிருப்பின் தாக்குதல் மேலும் கடுமையாகியிருக்கும். கப்பபிளாங்காவோ கோட்டையை ஒரேயொரு கட்டம் முன்னே வைத்தார். எத்துணை அமைதி! இந்த இடத்தில் யாம் எப்பொழுதும் சற்று நிறுத்துவோம். பின்னர் அவர் அரசன் ஓரோர் அடியாய்ப் பலகையின் மறுபுறம் நடந்து தப்பினான். 36 ஆம் நகர்வில் வெற்றி வெள்ளைக்கே.

“ஐயா, தோற்றவர் பெயரால் ஏன் அதனை மார்ஷல் தாக்குதல் என்கிறார்கள்?” என்றான் ஒரு மாணவன்.

தவறு எட்டாவது நகர்வில் இல்லை என்றோம். பதினோராவது நகர்வில் மார்ஷல் நடுவில் நின்ற குதிரையைப் பின்வாங்கினார். அதனைக் காலாளால் தாங்கும் வழி பின்னரே வழக்குக்கு வந்தது. 1965 இல் ஸ்பாஸ்கி, தால் என்பாரை எதிர்த்த தொடரில் இத்தாக்குதலையே நம்பி ஆடினார், தொடரையும் வென்றார்.

சொல்லி முடிக்கையில் எம் நெஞ்சு உறுத்தியது. யாம் கொடுத்த குறிப்பைக் கைவிட்டுத் தன் போக்கிற் கட்டுரை எழுதி, நடுவழியில் இடறியமைக்காக முன்வாரம் 35 புள்ளியே எம்மிடம் பெற்றவன் அம்மாணவன். “உன் ஏட்டைக் கொண்டு வா” என்றோம். மீண்டும் படித்தோம். தொடக்கம் நன்றாகவே இருந்தது. புள்ளியை மாற்றவில்லை, ஓரத்தில் ஒரு வரி மட்டும் எழுதினோம்: “பதினோராவது நகர்வைத் திருத்துக.”