ஒரு துணி... மூணு மாசம்!

இந்தோனேஷியாவில் வெள்ளிக்கிழமை பல ஆபீஸ்களில் எட்டிப் பார்த்தால் மேனேஜர் முதல் பியூன் வரை பாத்திக் சட்டை! நம்மூரில் அப்படிப் போனால், “என்ன சார், சாயங்காலம் ரிசப்ஷனா?” என்பார்கள். 2009-ல் யுனெஸ்கோ பாத்திக் கலையைத் தன் பட்டியலில் சேர்த்ததிலிருந்து, அக்டோபர் 2 அங்கே பாத்திக் தினம்.

ஆனால், யோக்யகர்த்தாவின் மாலியபோரோ கடைத்தெருவில் மலிவாகக் குவிந்து கிடப்பவற்றில் முக்கால்வாசி மெஷின் பிரின்ட். கண்டுபிடிக்க சுலப வழி உண்டு. துணியைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வெளுத்திருந்தால் பிரின்ட். இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம் என்றால், யாரோ ஒரு அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று அர்த்தம்.

அந்த அம்மாக்களைப் பார்க்கத்தான் தெற்கே கிரிலோயோ கிராமத்துக்குப் போனேன். பக்கத்திலேயே இமோகிரி குன்றில் ஜாவா மன்னர்களின் சமாதிகள். திறந்த மண்டபம், நடுவில் குட்டி அடுப்பு, அதில் உருகும் மெழுகு, சுற்றிலும் பெண்கள். கையில் சான்ட்டிங். மூங்கில் பிடி, நுனியில் செப்புக் கிண்ணம், அதற்கு ஊசி மாதிரி ஒரு மூக்கு. அதில் மெழுகை மொண்டு, ஊதி, துணியில் கோடு இழுக்கிறார்கள். கோலமாவுக்குப் பதில் கொதிக்கும் மெழுகு. அழிக்க முடியாத கோலம்!

மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. கடைசியில் துணியைக் கொதிநீரில் போட்டால் மெழுகு கரைந்து மிதக்கும். அதை வழித்து எடுத்து அடுத்த துணிக்கு வைத்துக்கொள்கிறார்கள். பி.காம். படித்த எனக்கே இப்படிச் சிக்கனம் தெரியாது.

சாயம்? அவுரி இலையை ஊறவைத்து, வெல்லம் போட்டுப் புளிக்க வைத்த தொட்டி. துணி பச்சையாக வெளியே வருகிறது. காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகிறது! பழுப்பு வேண்டுமானால் மரப்பட்டை. எந்த மரம் என்கிறீர்கள்? கோடையில் சென்னை ரோட்டோரம் மஞ்சளாய்க் கொட்டுகிறதே, அதே பெருங்கொன்றை. நாம் அதன் கீழே ஸ்கூட்டர் நிறுத்துகிறோம். அவர்கள் அதில் துணி தோய்க்கிறார்கள். பல முறை தோய்த்து, படிகாரம், சுண்ணாம்பு, அன்னபேதி மூன்றில் ஏதாவது ஒன்றில் நனைத்தால் நிறம் நிற்கும். அன்னபேதி என்றால் ஒரேயடியாகக் கறுக்கும்.

“ரெடிமேட் சாயம் சீப்பாச்சே?” என்றேன். அதன் விலையை வடக்குக் கரையில் பெக்கலோங்கான் கொடுக்கிறது. 2021 பிப்ரவரி வெள்ளத்தில் அங்கே ஒரு கிராமத்துத் தெருவெல்லாம் ரத்தச் சிவப்பு. பாத்திக் சாயம் கலந்த தண்ணீர்! நொய்யலைப் பார்த்தவர்களுக்கு மேலே விளக்கம் தேவையில்லை.

முன்பு இந்தப் பெண்களுக்குக் கோடு போடும் கூலி மட்டும்தான். சாயமும் லாபமும் டவுன் முதலாளிக்கு. 2006 மே 27 பூகம்பம் இந்த பந்துல் வட்டாரத்தையே நொறுக்கியது. 5,700-க்கும் மேற்பட்டோர் பலி. வீடு இழந்தவர்கள், உதவிக்கு வந்தவர்களிடம் சாயமிடக் கற்றுக்கொண்டு, குழுவாகச் சேர்ந்து தாங்களே விற்க ஆரம்பித்தார்கள்.

“சாம்பிள்ல இருக்கிற அதே நீலம்தான் வேணும்னு வியாபாரிங்க கேக்கறாங்க” என்று சிரித்தார் ஒரு இபு (அங்கே வயதான பெண்களை அப்படித்தான் கூப்பிட வேண்டும்). “போன மாச மழை மாதிரியே இந்த மாசமும் பெய்யுதா என்ன?” டிரைவர்தான் மொழிபெயர்த்தார்.

ஒரு துணிக்கு மூணு மாசம் என்றார். விலையை நாட்களால் வகுத்துப் பார்த்தேன். வந்த தொகையைச் சொன்னால் நம்மூர் சித்தாளே சிரிப்பார். பேரம் பேச வாய் வரவில்லை.

அவர் பக்கத்தில் மகள். அம்மா முன்பக்கம் இழுத்த கோடு வெளிச்சத்தில் நிழலாகத் தெரிய, பின்பக்கம் அதன் மேலேயே மெழுகு ஓட்டிக்கொண்டிருந்தாள். இம்மி பிசகவில்லை.

“நீயும் தினமும் இதானாம்மா?”

“சனி, ஞாயிறு மட்டும் அங்கிள். மத்த நாள் டவுன்ல கடையில வேலை. அங்கதான் மாசச் சம்பளம்.”

அம்மா நிமிரவில்லை. மெழுகை ஊதிவிட்டு அடுத்த கோட்டை ஆரம்பித்தார். துணிக்கு மூணு மாசம் ஆக இதுவும் ஒரு காரணம்.