பேய்ப் படிக்கட்டிலே ஒரு பகல்

மலைநாட்டின் எழிலைக் காண விரும்புவோர் பெரும்பாலும் புகையிரதத்தின் சாளரத்தருகே அமர்ந்து, தேயிலைத் தளிரையும் முகிற்கூட்டத்தையும் கண்டு மகிழ்ந்து மீள்வர். அதுவும் இனிய காட்சியே. ஆயின், மலையின் மேனியைக் கண்டால் மட்டும் போதாது, அதன் எலும்பையும் காணல் வேண்டும் என்பார்க்கு வேறொரு வழி உண்டு. பலாங்கொடையிலிருந்து ஹல்துமுல்லை செல்லும் பெருந்தெருவிலே, கலுபஹன என்னுமிடத்தில் இடப்புறமாகப் பிரிந்து, பம்பரகந்த நீர்வீழ்ச்சியைக் கடந்து, உடவேரியத் தோட்டத்தினூடாக ஒஹியவை நோக்கி ஏறும் மலைப்பாதையே அது. அதன் ஒரு பகுதிக்குப் 'பேய்ப் படிக்கட்டு' எனப் பொருள்படும் 'டெவில்ஸ் ஸ்டெயார்கேஸ்' என்ற பெயர் வழங்குகின்றது. அப்பெயரைச் சூட்டியவர் எவராயினும், மிகைபடக் கூறினார் அல்லர்.

2023 ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு நாள், எம் மைத்துனரின் கெப் வண்டியிலே அப்பாதையில் நாம் சென்றோம். இயற்கைக் காட்சியே எம் நோக்கம் என்று கூறின் அது பொய்யாகும். வண்டியின் இரு மருங்கிலும் புதிதாகப் பூட்டிய இரும்புக் குழாய்கள் பாறையைத் தாங்குமா என்று பார்க்கவே சென்றோம். இரும்புக் குழாயைச் சோதிக்க ஒரு பயணமா என்று வாசகர் நகைக்கலாம். காரணத்தை அறிந்தபின் நகைக்கமாட்டார்.

மைத்துனர் ஹப்புத்தளையில் மரக்கறி வியாபாரம் செய்பவர். தோட்டப்புறத்தார் தம் சிறு நிலங்களில் விளைவிக்கும் கரட், லீக்ஸ் முதலியவற்றை வாங்கிச் சந்தைக்குக் கொண்டு செல்வார். 2022 ஆம் ஆண்டு ஐப்பசி மழையிலே, ஒரு லயத்தின் முன் அவர் மூடைகளை ஏற்றிக்கொண்டிருந்த வேளை, அங்கிருந்த நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்திக்கு நோவு கண்டது. ஒஹியப் பக்கத்துப் பாதையை மண்சரிவு மறித்திருந்தது. மூடைகளை இறக்கிவிட்டு, அவளையும் அவள் தாயையும் பின்னாசனத்தில் அமர்த்திக்கொண்டு, அவர் கீழ்ப்பாதையால் இறங்கினார்.

படிக்கட்டின் நடுவே ஈரப் பாறையில் சில்லு வழுக்கிற்று. வண்டி இடப்பக்கமாகச் சரிந்து ஒரு பாறை முனையிலே அமர்ந்துவிட்டது. கதவின் கீழ்த்தகடு உள்ளே மடிந்தது. இடப்பக்கத்துப் பின்கதவு இறுகிக்கொண்டது. வண்டியை ஜாக்கியால் உயர்த்த வேண்டுமாயின் உள்ளிருப்போர் இறங்கல் வேண்டும். வலக் கதவுக்கு வெளியே ஓரடி அகல மண், அதற்கப்பால் பள்ளம். கொட்டும் மழையில், தாயின் கையைப் பற்றியவாறு, அந்த ஓரடி மண்ணிலே அவள் இறங்கி நின்றாள்.

மறுநாள் விடியலில் வைத்தியசாலையில் ஆண் மகவு பிறந்தது. தாயும் சேயும் நலம். மைத்துனருக்கோ பல இரவுகள் உறக்கமில்லை. "கதவைத் திறக்க முடியாமற் போச்சே, அத்தான்" என்று எம்மிடம் கூறிக் கூறி வருந்தினார்.

கெப் வண்டிகளிற் பாரத்தைத் தாங்குவது அடியிலுள்ள ஏணி போன்ற கனத்த இரும்புச் சட்டமாகும். இதனையே சாசி என்பர். ஆட்கள் அமரும் உடற்பகுதியோ இறப்பர் மெத்தைகளின்மேல் அச்சட்டத்திலே அமர்ந்திருக்கும் மெல்லிய தகட்டுக் கூடு. முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையே, கதவுகளின் கீழாக ஓடும் தகட்டுக்குக் காவல் எதுவுமில்லை. அது மடிந்தால் கதவின் நிலை கோணும். நிலை கோணினால் கதவு திறவாது. வாகன இறக்குமதி 2020 முதல் நிறுத்தப்பட்டிருந்த காலமாதலின் வேறு வண்டியை நினைக்கவும் வழியில்லை. உள்ளதைக் காப்பதே வழியாயிற்று.

அக்காவலுக்கு ஒரு சாதனம் உண்டு. ஆங்கிலத்தில் அதனை 'ரொக் ஸ்லைடர்' என்பர். அமெரிக்காவின் சியரா நெவாடா மலையிலே ரூபிகன் என்றொரு பாறைத்தடம் உள்ளது. 1953 முதல் ஜீப் வண்டிகள் கூட்டமாக அங்கே பயணம் செய்து வருகின்றன. அத்தகைய தடங்களிற் செல்வோர் கதவின் கீழே சட்டத்தோடு பூட்டிக்கொள்ளும் வலிய இரும்புக் குழாயே இது. பாறையில் வண்டி இறங்கினால், தகடு நசுங்காமல் அக்குழாய் பாரத்தை ஏற்கும். பாறைமேல் வழுக்கிச் செல்லவும் இடந்தரும்.

இதனை வாங்கவெனப் புறப்பட்ட மைத்துனரை முதலில் மயக்கியது கடையொன்றில் வெள்ளிபோல் மின்னிய மிதிபடி. விலையும் மலிவு. பண்டாரவளையில் உள்ள முதிய மெக்கானிக் ஒருவரிடம் அதனைக் காட்டினோம். அவர் கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

"தம்பி, இது கால் வைக்கவா, கல்லைத் தாங்கவா?"

"கல்லைத் தாங்கத்தான், ஐயா."

"அப்படியெண்டா இதைத் திருப்பிக் குடுங்க."

மிதிபடிகளுட் பல உடற்றகட்டிலேயே பூட்டப்படுகின்றன என்றும், கல்லில் மோதினால் அவை தாமும் வளைந்து தகட்டையும் கிழிக்கும் என்றும் அவர் விளக்கினார். பின்னர் குழாயைத் தெரிந்தெடுத்தார். தண்ணீர்க் குழாயை அவர் ஏற்கவில்லை. அதன் சுவர் மெல்லியது. மேற்பூசிய துத்தநாகமோ வெல்டிங் செய்யுங்கால் நச்சுப் புகை கக்கும். இரண்டு அங்குல விட்டமும் ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் சுவர்த் தடிப்பும் உள்ள தையலற்ற உருக்குக் குழாயையே கொணரச் செய்தார்.

அடுத்து எழுந்த வினா, சட்டத்தோடு வெல்டிங் செய்து ஒட்டுவதா, மரையாணியாற் பூட்டுவதா என்பது. ஒட்டினால் உறுதி மிகும். ஆயின் வெப்பத்தாற் சட்டம் பழுதுறலாம், பின்னர் கழற்றவும் இயலாது. ஆதலின் 6 மில்லிமீற்றர் தகடுகளாற் சட்டத்தைக் கவ்வச் செய்து, தலையிலே 8.8 எனப் பொறித்த வலிய மரையாணிகளால் இறுக்குவது எனத் தீர்மானித்தார். ஒவ்வொரு பக்கத்துக்கும் நான்கு கால்கள். குழாய்களை வண்டிக்கு வெளியே வைத்தே வெல்டிங் செய்தார். சட்டத்தின் உட்பக்கமாக எண்ணெய்க் குழாயும் பிறேக் குழாயும் மின்கம்பிகளும் ஓடுவதால், அவற்றுள் எதையும் நசுக்காதவாறு ஒவ்வொரு தகட்டையும் பொருத்தினார்.

வேலை முழுவதையும் அருகிருந்து கண்ட நாம் மூன்று நுட்பங்களைக் கற்றோம். முதலாவது, குழாய் வெளிநோக்கிச் சற்றே மேலெழுந்து நிற்றல் வேண்டும். இன்றேல் தரையிடைவெளி குறையும். இரண்டாவது, குழாய்க்கும் உடற்றகட்டுக்கும் இடையே இரு விரல் இடம் விடல் வேண்டும். ஏனெனில் இறப்பர் மெத்தைமேல் உடற்பகுதி அசையும். மூன்றாவது, பின்முனை வெளிப்புறம் வளைந்திருத்தல் நன்று. பாறையினின்றும் வண்டியின் பின்பக்கத்தை அது தள்ளிவிடும்.

இரண்டும் சேர்ந்து 60 கிலோவை நெருங்கின. "ஒரு மூடை கரட் குறையுதே" என்று மைத்துனர் பெருமூச்செறிந்தார். துருக்காப்பும் கறுப்பு வர்ணமும் பூசி உலர்ந்தபின், மெக்கானிக் குழாயின் நடுவே ஜாக்கியை வைத்து, ஒரு பக்கத்துச் சில்லுகள் இரண்டும் நிலத்தை விட்டெழுமளவும் உயர்த்தினார். குழாய் தகட்டைத் தொடவில்லை. அந்நிலையிலேயே பின்கதவைத் திறந்து மூடினார். "நூறு கிலோமீற்றர் ஓடினபிறகு ஆணியெல்லாம் திரும்ப இறுக்க வேணும்" என்பதே அவர் இறுதியாகச் சொன்னது.

இனிப் பயணத்துக்கு வருவோம். ஹப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கி, ஹல்துமுல்லையைக் கடந்து, காலை எட்டு மணிக்குக் கலுபஹனவை அடைந்தோம். பம்பரகந்த நீர்வீழ்ச்சி 263 மீற்றர் உயரமுடையது. இலங்கையில் அதனினும் உயர்ந்தது வேறில்லை. மாசி மாதமாதலின் நீர் மெலிந்து, கரும்பாறையில் ஒரு வெண்ணூல் தொங்கவிட்டாற் போற் காட்சியளித்தது. மேலே ஏற ஏற, தெற்கே தாழ்நிலம் விரிந்தது; சமனலவெவ நீர்த்தேக்கம் கண்ணாடித் துண்டெனப் பளிச்சிட்டது.

சில இடங்களிற் கொங்கிறீற் இட்டிருந்தனர். அது முடிந்த இடத்திற் படிக்கட்டுத் தொடங்கிற்று. மைத்துனர் டயர்க் காற்றை 30 இறாத்தலிலிருந்து 20 ஆகக் குறைத்து, வலுமிக்க தாழ் கியரை இட்டார். நாம் இறங்கி, முன்னே நடந்து, எந்தக் கல்லில் எந்தச் சில்லை வைப்பது என்று கைகாட்டிச் சென்றோம். மனிதன் நடக்கும் வேகத்தினும் மெதுவாகவே வண்டி வந்தது. காவற்குழாய் இருக்கின்றதென்று விரைவோர்க்கு அக்குழாயாற் பயனில்லை. அது மெல்லச் செல்வார்க்கே துணை.

முன்னர் விபத்து நேர்ந்த இடம் வந்தது. பாறைமுனையில் வண்டியின் வெண்ணிற வர்ணம் அப்போதும் ஒட்டியிருந்தது. இடச்சில்லு கல்லில் ஏறிற்று. ஊற்றுநீர் கசிந்த இடத்தில் வழுக்கிற்று. வண்டி சரிந்தது. இரும்பு கல்லில் உரையும் ஒலி எம் பற்களைக் கூசச் செய்தது. மைத்துனரின் முகத்தில் இரத்தமே இல்லை. நாம் ஓடிச்சென்று குனிந்து பார்த்தோம். முழுப் பாரத்தையும் குழாய் ஏற்றிருந்தது. தகட்டுக்குக் கீழே இரு விரல் இடைவெளி அப்படியே இருந்தது. "மெல்ல விடுங்கள்" என்றோம். வண்டி குழாயின்மேல் வழுக்கி நகர்ந்தது. வளைந்த பின்முனை பாறையில் ஊன்றி, வண்டியை அப்பால் தள்ளிற்று. நான்கு சில்லுகளும் நிலத்தைப் பற்றின. மைத்துனர் இறங்கிவந்து முதலிற் செய்தது, இடப்பக்கத்துப் பின்கதவைத் திறந்து பார்த்ததே.

நண்பகலில் அந்த லயத்தை அடைந்தோம். நான்கு மாதக் குழந்தை பாட்டியின் மடியிலே கிடந்து எம்மை வியந்து நோக்கிற்று. இளந்தாய் தேநீர் கொணர்ந்தாள். பாட்டி குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டு, எழுந்து வண்டியைச் சுற்றி வந்தாள். குழாயிலிருந்த புதுக் கீறலை விரலால் தடவினாள்.

"தம்பி, இந்தக் கதவு இப்ப தொறக்குதா?"

"திறந்து பாருங்க அம்மா."

பாட்டி திறந்தாள், மூடினாள், மறுபடியும் திறந்தாள். பின்னர் எம்மை நோக்கி, "அன்னிக்கு இது தொறந்திருந்தா, எம் மக மழையில நின்னிருக்க மாட்டா" என்றாள். அவ்வுரையிற் குறை கூறும் தொனி சிறிதுமில்லை. ஆயினும் மைத்துனர் தலை கவிழ்ந்து நின்றார்.

மாலையில் விடைபெற்றபோது, பாட்டியும் எம்முடன் ஹப்புத்தளைக்கு வரப் புறப்பட்டாள். வலப்பக்கத்திலே இடமிருந்தும், சுற்றி வந்து இடக் கதவைத் தானே திறந்து ஏறி அமர்ந்தாள்.